சிரிஞ்சு பம்ப்புக்கு எந்தக் கவசம்: அலுமினியமா, பெயின்ட்டா, கடத்தும் பிளாஸ்டிக்கா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒருவரின் ரத்த அழுத்தம் பல நேரங்களில் ஒரு சிரிஞ்சு பம்ப்பை நம்பித்தான் நிற்கிறது. மணிக்குச் சில மில்லிலிட்டர் என்ற வேகத்தில் அது மருந்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்திலேயே மருத்துவரின் கைபேசி, செவிலியரின் டேப்லெட், காவலரின் வாக்கி டாக்கி என்று ரேடியோ அலைகளுக்குக் குறைவே இல்லை. அந்த அலைகள் பம்ப்பின் அழுத்த சென்சாருக்குச் செல்லும் மெல்லிய கம்பியில் புகுந்து தவறான அளவைக் காட்டிவிடக் கூடாது. பம்ப்பின் உள்ளிருக்கும் மோட்டார் டிரைவரும் பிராசசரும் எழுப்பும் இரைச்சல் பக்கத்துப் படுக்கையின் இசிஜி கருவியைத் தொந்தரவு செய்யவும் கூடாது. இரண்டையும் தடுக்கும் பெட்டியை எதில் செய்வது?

இந்தக் கேள்விக்கு இன்று கிடைக்கும் விடைகள் பல. அலுமினிய வார்ப்பு, உட்புறம் முலாம் பூசிய பிளாஸ்டிக், கடத்தும் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கோடு எஃகு இழையோ கார்பனோ கலந்து மின்சாரம் கடத்தும்படி செய்த பாலிமர் கூட்டுப்பொருள், ஆய்வகங்களிலிருந்து வரும் நானோ பொருள்கள். அலையைப் பொருள் எவ்வளவு குறைக்கும் என்று விவரத்தாளில் சொல்லும் டெசிபல் எண்ணைப் பார்த்து, பெரியதைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்வது. அந்த வழி தவறான பெட்டிக்கே கொண்டுபோய் விடும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் தேவை எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அடுத்து, பெட்டி எங்கே பிளந்து மூடுகிறது என்று பார்க்க வேண்டும். சுவரின் பொருள் அதற்குப் பிறகுதான்.

எத்தனை டெசிபல் வேண்டும்?

மருத்துவ மின்கருவிகளுக்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐ.இ.சி.) வகுத்த 60601-1-2 தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. மருத்துவமனைச் சூழலில் 80 மெகாஹெர்ட்ஸ் முதல் 2.7 கிகாஹெர்ட்ஸ் வரை மீட்டருக்கு 3 வோல்ட் புலத்தைக் கருவி தாங்க வேண்டும்; வீட்டில் பயன்படுத்தும் கருவி என்றால் 10 வோல்ட். கைபேசி, வாக்கி டாக்கி, வைஃபை போன்றவை மிக அருகில் வரும் நிலைக்கென்று தனி அட்டவணையும் உண்டு. அதில் 450, 870, 2450 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட அலைவரிசைகளில் மீட்டருக்கு 28 வோல்ட் வரை போகிறது.

உங்கள் பி.சி.பி. (மின்சுற்றுப் பலகை) கவசமே இல்லாமல் 3 வோல்ட் வரை தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 28 வோல்ட்டை 3 ஆகக் குறைக்க வேண்டும். கணக்குப் போட்டால் அது 19.4 டெசிபல். பாதுகாப்புக்கு ஆறேழு டெசிபல் கூட்டினால் 26 வருகிறது. தாராளமாக 30 என்றே வைத்துக்கொள்ளலாம். 30 டெசிபல் என்றால் வந்த ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழைகிறது. 60 டெசிபல் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ராணுவத் தொலைத்தொடர்புக் கருவிக்கு அது தேவைப்படலாம். நம் பம்ப்புக்குத் தேவையில்லை. 60, 80, 90 என்று விளம்பரப்படுத்தப்படும் பொருள்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிராசசர் ஒன்றுதான் தொல்லை என்றால், பி.சி.பி.யிலேயே அதன் மேல் ஒரு சிறிய தகட்டு மூடியைப் பற்றவைத்துவிடலாம். பெட்டி முழுவதற்கும் கவசம் போடுவதைவிடப் பெரும்பாலும் அது மலிவு. சென்சார் கம்பி பலகையை விட்டு வெளியே ஓடும் பம்ப் போன்ற கருவியில்தான் பெட்டிக் கவசம் கட்டாயமாகிறது.

சுவருக்கு முன் விளிம்பு

நம் பெட்டி 20 சென்டிமீட்டர் நீளம், 12 அகலம், 8 உயரம் கொண்டது என்போம். மேல் பாதி, கீழ்ப் பாதி என இரண்டாக வார்த்து, 6 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் முடுக்குகிறோம். இரண்டு ஸ்க்ரூக்களுக்கு இடையில் பாதிகள் ஒன்றையொன்று மின்முறையில் தொடவில்லை என்றால், அங்கே 6 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளவு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருந்தாலும் அது பிளவுதான். கவசத்தைக் கெடுப்பது அதன் நீளம், அகலம் அல்ல.

பிளவின் நீளம் அலைநீளத்தின் பாதியை எட்டும்போது அது ஆன்டெனாவாகவே வேலை செய்யத் தொடங்குகிறது. 2450 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.2 சென்டிமீட்டர், பாதி 6.1. நம் பிளவு 6! வைஃபையும் புளூடூத்தும் இயங்கும் அதே அலைவரிசையில், தரநிலை 28 வோல்ட்டால் சோதிக்கும் அதே இடத்தில், அந்த விளிம்பு தரும் கவசம் கிட்டத்தட்ட பூஜ்யம். சுவர் சுத்தத் தாமிரமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. தொடுபுள்ளிகளை 1.5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கினால் ஏறக்குறைய 12 டெசிபல் கிடைக்கும். 30 வேண்டுமென்றால் விளிம்பு முழுவதும் தொடர்ச்சியாகத் தொட வேண்டும். அதாவது கடத்தும் கேஸ்கட், பாதிகளுக்கு இடையில் நசுங்கி இடைவெளியை அடைக்கும் பட்டை, வேண்டும்.

பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு கேபிளும் இதே கதைதான். வடிகட்டி இல்லாமல் ஒரு மின்கம்பி துளை வழியாக உள்ளே போனால், வெளியில் உள்ள அலையை அதுவே தூக்கிக்கொண்டு வந்து உள்ளே இறக்கிவிடும்.

எனவே ஒரு பொருளைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, "இதன் விளிம்பில் நம்பகமான மின்தொடர்பு கிடைக்குமா?" என்பது. கீழே வரும் எல்லா ஒப்பீடும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

அலுமினிய வார்ப்பு

உருகிய அலுமினியத்தை அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் டை காஸ்டிங் பெட்டியின் சுவர் எவ்வளவு கவசம் தரும் என்று கணக்கிடுவதே வீண். 1 கிகாஹெர்ட்ஸில் அலுமினியத்துக்குள் அலை ஊடுருவும் ஆழம் 2.6 மைக்ரான், சுவரோ மில்லிமீட்டர்களில் இருக்கிறது. விளிம்பை இழைத்து விட்டால் மின்தொடர்பும் அருமை. வெப்பத்தையும் வெளியேற்றும். கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அலைவரிசைகளில் மின்மாற்றிகளிலிருந்து வரும் காந்தப்புலம் பிரச்சினையாக இருந்தால், பிளாஸ்டிக் வகைகள் எவையும் கைகொடுக்காது. தடித்த உலோகம்தான் வேண்டும். மின்வாகன இன்வெர்ட்டரின் பெட்டி இன்றும் அலுமினியமாக இருப்பதற்கு வெப்பமும் இதுவும் சேர்ந்தே காரணம்.

ஆனால் சிரிஞ்சு பம்ப்பில் வெப்பம் பெரிதாக இல்லை. செவிலியர் ஒரு கையால் தூக்கிக் கம்பத்தில் மாட்ட வேண்டிய கருவி அது. கருவிப் பெட்டிகளில் வழக்கமான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.05, அலுமினியத்துடையது 2.7. வார்ப்புக்குப் பிறகு எந்திரத்தில் துளையிட்டு, பிசிறு நீக்கி, பவுடர் கோட்டிங் அடிக்க வேண்டும். அந்தக் கோட்டிங் விளிம்பில் படாமல் மறைக்கவும் வேண்டும், படிந்தால் தொடர்பு போயிற்று. சிறிய, தூக்கிச் செல்லும் கருவிக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

முலாமும் பெயின்ட்டும்

மின்சாரமில்லா முறையில் பிளாஸ்டிக்கின் மேல் ஓரிரு மைக்ரான் தாமிரமும் அதன் மேல் மெல்லிய நிக்கலும் படியவைப்பது கவசத் திறனில் உலோகத்தை நெருங்கும் வழி. மூலை முடுக்கெல்லாம் சமமாகப் படியும். விளிம்பிலும் உலோகம் வெளியே தெரிவதால் கேஸ்கட்டுக்கு நல்ல மேடை. குறை அதன் தயாரிப்பில் இருக்கிறது. ஏ.பி.எஸ். பரப்பை அரித்துத் தயார்செய்யப் பாரம்பரியமாகப் பயன்படுவது ஆறிணைதிறக் குரோமியம் கொண்ட அமிலம்; புற்றுநோய் உண்டாக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு அந்த அமிலத்தின் மூலப்பொருளான குரோமியம் ட்ரையாக்சைடைப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். மாற்று வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் முலாம் பட்டறையின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்காமல் இதைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. மருத்துவக் கருவி செய்பவர் அந்தக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது.

பெயின்ட்டும் ஒரு கடத்தும் பாலிமர் கூட்டுப்பொருள்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அக்ரிலிக் பிசினில் நிக்கல் தூளையோ வெள்ளி பூசிய தாமிரச் செதில்களையோ நிறைத்து, உட்புறத்தில் ஸ்ப்ரே செய்கிறோம். மெல்லிய பூச்சுக்குக் கணக்கு எளிது: பூச்சின் ஒரு சதுரத்தின் எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையிலான மின்தடை, அதாவது பரப்புத் தடை, 1 ஓம் என்றால் சுமார் 45 டெசிபல், 0.1 ஓம் என்றால் சுமார் 65. நிக்கல் பெயின்ட் முதல் எண்ணையும், வெள்ளி பூசிய தாமிரம் இரண்டாவதையும் ஒட்டி வரும். இரண்டுமே நம் தேவைக்கு மேல். ஏற்கெனவே உள்ள அச்சையும் ஏற்கெனவே பயன்படுத்தும் பிளாஸ்டிக்கையும் மாற்ற வேண்டியதில்லை. வெளிப்புறம் வெள்ளையாகவே இருக்கும். சில நூறு பெட்டிகள் மட்டும் செய்பவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி தெரியவில்லை.

பெயின்ட்டில் கவனிக்க வேண்டியது ஒட்டுதல். ஸ்க்ரூ தூண்களின் அடியிலும் கூர்மையான உள்மூலைகளிலும் பூச்சு மெலியும். கீழே விழுந்து அடிபட்ட பெட்டியில் அங்கிருந்துதான் செதில் உதிரும். உதிரும் செதில் மின்சாரம் கடத்துவது, விழும் இடம் பி.சி.பி. நோயாளிக்கு மருந்து செலுத்தும் கருவியில் இது சாதாரண விஷயம் அல்ல. குறுக்கும் நெடுக்கும் கத்தியால் கீறி, டேப்பை ஒட்டிப் பிய்த்துப் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு தொகுதியிலும் செய்யச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

கடத்தும் பிளாஸ்டிக்

இனி முக்கியமான போட்டியாளர். பிளாஸ்டிக் குருணையிலேயே கடத்தும் நிரப்பியைக் கலந்துவிட்டால், அச்சிலிருந்து வெளிவரும்போதே பெட்டி கவசமாக இருக்கும். பூச வேண்டாம், உதிராது, முலாம் பட்டறைக்குப் போய்வரும் போக்குவரத்தும் இல்லை. பல்லாயிரம் பெட்டிகள் செய்பவருக்கு இந்த ஈர்ப்பு நியாயமானது.

பிளாஸ்டிக் மின்சாரம் கடத்த, நிரப்பியின் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வலையாக வேண்டும். தட்டில் கடுகைத் தூவினால் விளிம்பு முதல் விளிம்பு வரை தொடர்ச்சி கிடைக்க நிறையத் தூவ வேண்டும். ஈர்க்குச்சிகளைத் தூவினால் சிலவே போதும். உருண்டைத் துகள்களுக்குக் கன அளவில் 16 சதவீதத்தை ஒட்டித் தொடர்ச்சி உருவாகிறது. 8 மைக்ரான் குறுக்களவும் சில மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழைக்கு 1 சதவீதத்தை ஒட்டியே அது நடந்துவிடுகிறது. எடையில் பார்த்தால் ஏழு சதவீதம் போல. ஆகவே பிளாஸ்டிக்கின் வலுவும் அச்சில் அது சுருங்கும் அளவும் அதிகம் மாறுவதில்லை. வெளிர்சாம்பல் நிறம்கூடக் கொடுக்கலாம்.

கார்பன் பிளாக் மலிவு. ஆனால் சாதாரண வகையில் நிறையச் சேர்க்க வேண்டியிருப்பதால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறுகிறது, உருகியபின் அச்சில் சிரமப்பட்டு ஓடுகிறது, நிறமும் கறுப்பைத் தவிர வேறில்லை. கவசத்தில் எப்படி? கூட்டுப்பொருள்களுக்கென்று உள்ள சைமன் சூத்திரத்தில் 2.5 மில்லிமீட்டர் சுவரையும் 2450 மெகாஹெர்ட்ஸையும் போட்டுப் பார்த்தேன். தன்தடை (மின்சாரத்தைப் பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) 10 ஓம்-சென்டிமீட்டர் என்றால் 13 டெசிபல்; 1 ஓம்-சென்டிமீட்டர் என்றால் 37. கார்பன் பிளாக் கலவைகள் பெரும்பாலும் முதல் எண்ணின் பக்கம் நிற்பவை. நிலைமின்சாரத்தை வடியவிட அவை நல்லவை, பம்ப்பின் கவசத்துக்குப் போதாதவை. எஃகு இழைக் கலவை 1 ஓம்-சென்டிமீட்டரையும் அதற்குக் கீழேயும் எட்டும். கார்பன் இழையும் நிக்கல் பூசிய கார்பன் இழையும் கவசத்தோடு விறைப்பையும் தருகின்றன. ஆனால் பிளாஸ்டிக்கின் சுருக்கத்தை வெகுவாகக் குறைத்துவிடும். ஏ.பி.எஸ்.ஸுக்கென்று வெட்டிய அச்சில் அவற்றை ஊற்றினால் பெட்டி சற்றுப் பெரிதாக வரும், பாதிகள் பொருந்தாது. புது அச்சு என்றால் மட்டுமே யோசிக்கலாம்.

எஃகு இழைப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதன் பளபளப்பான பரப்பில் வைத்துப் பாருங்கள். பல இடங்களில் மீட்டர் தொடர்பே இல்லை என்று காட்டும். அரத்தால் இரண்டு இடங்களில் லேசாகத் தேய்த்துவிட்டு மீண்டும் வையுங்கள். சில ஓம்கள் காட்டும். உருகிய பிளாஸ்டிக் அச்சின் குளிர்ந்த சுவரில் பட்டதும் இழையில்லாத மெல்லிய தோல் ஒன்று உறைந்துவிடுகிறது. வலை அந்தத் தோலுக்கு அடியில் இருக்கிறது. விவரத்தாளில் 40 டெசிபல் காட்டும் பொருள், பெட்டியானபின் சோதனை அறையில் தோற்பதற்கு இந்தத் தோல் ஒரு முக்கியக் காரணம். சுவருக்குள் கவசம் இருக்கிறது, விளிம்பில் தொடர்பு இல்லை! பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரையில் இறங்கும் ஸ்க்ரூ இழைகளைத் தொடும். ஆனால் ஸ்க்ரூக்களுக்கு இடையில் அதே 6 சென்டிமீட்டர் பிளவு திறந்தே கிடக்கிறது. விளிம்பில் மட்டும் தோலை எந்திரத்தால் சீவி எடுப்பதோ, அங்கே மட்டும் கடத்தும் பெயின்ட்டை ஒரு கோடாக இடுவதோதான் வழி. இந்தச் செலவையும் சேர்த்தே இதைப் பெயின்ட்டோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது ஆபத்து மோல்டிங் எந்திரத்தில். இழையின் பலமே அதன் நீளம். பின்னழுத்தத்தையும் திருகு வேகத்தையும் கூட்டி, உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயில் சிறியதாக இருந்து, அதன் வழியாக வேகமாகச் செலுத்தினால் இழை நொறுங்கும், வலை அறுபடும். பெட்டியைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டு உருகு ஓட்டங்கள் சந்திக்கும் வெல்டு லைனில் இழைகள் குறுக்கே போகாமல் கோட்டோடு இணையாகப் படுத்துக்கொள்ளும். பம்ப்பின் திரைக்கான சாளரத்தைச் சுற்றி ஒரு வெல்டு லைன் வந்தே தீரும். வாயிலை எங்கே வைத்தால் அது எங்கே விழும் என்பதை அச்சு வெட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பொருளுக்கு ஒரு நற்குணமும் உண்டு. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. 20க்கு 12 சென்டிமீட்டர் உலோகப் பெட்டி ஏறக்குறைய 1.46 கிகாஹெர்ட்ஸில் தானாகவே ஒத்ததிர்கிறது. பிராசசரின் இரைச்சல் அங்கே விழுந்தால் பெட்டியே அதைப் பெருக்கிக் கொடுக்கும். தாமிரச் சுவர் அலையைத் திருப்பித் திருப்பி அடிக்கும். கூட்டுப்பொருளின் சுவர் அதில் ஒரு பகுதியை வெப்பமாக்கி விழுங்கும். ஆகவே ஒத்ததிர்வு மழுங்குகிறது.

ஆனால் "உறிஞ்சும் கவசம்" என்று வரும் விளம்பரங்களை இதைக் கொண்டு நம்பிவிட வேண்டாம். எதிரொளிப்பால் 10 டெசிபல், உறிஞ்சலால் 30 டெசிபல் என்று ஒரு பொருளுக்கு எண் கொடுத்தால், உறிஞ்சுவதுதான் அதிகம் என்று தோன்றும். உண்மையில் 10 டெசிபல் எதிரொளிப்பு என்பதன் பொருள், வந்த ஆற்றலில் 90 சதவீதம் வாசலிலேயே திரும்பிவிட்டது என்பதே. மீதி 10 சதவீதத்தில்தான் உறிஞ்சல் நடக்கிறது.

ஆய்வகத்திலிருந்து வருபவை

பாலிமர் தானே மின்சாரம் கடத்தும் என்பதை 1977இல் ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீனில் காட்டினார்கள். 2000இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வழியில் வந்த பாலிஅனிலின் அமிலத்தால் ஊட்டப்பட்ட பச்சை நிலையில் நன்றாகக் கடத்துகிறது. காரம் பட்டால் கடத்தாத நீல நிலைக்குப் போய்விடும். மருத்துவமனையில் அன்றாடம் துடைக்கப் பயன்படும் ஹைப்போகுளோரைட் கரைசல் காரத்தன்மை கொண்டது. பம்ப்பின் வெளிச்சுவருக்குப் பாலிஅனிலின் பொருந்தாது என்று சொல்ல இது ஒன்றே போதும்.

கார்பன் நானோகுழாய் மிகச் சிறிய அளவிலேயே வலையாகிவிடும். தோல் பிரச்சினையும் வெல்டு லைன் பிரச்சினையும் அதிலும் உண்டு. சீராகப் பரவச் செய்வது கலவை செய்பவரின் திறமையைப் பொறுத்தது. 2011இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் பிறந்த எம்எக்ஸீன், உலோக கார்பைடின் மிக மெல்லிய அடுக்குகளாலானது, வியக்கவைக்கும் பொருள். அதன் 45 மைக்ரான் படலம் 92 டெசிபல் கொடுத்ததை 2016இல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. ஈரப்பதத்தில் ஆக்சிஜனேற்றம் அடைவது அதன் பலவீனம். பத்தாண்டு உழைக்க வேண்டிய மருத்துவக் கருவிக்கு இன்று இதை எழுதிக்கொடுக்க மாட்டேன். இந்த ஆராய்ச்சி தொடர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்; மெல்லிய கேபிள் உறைகளிலும் மடியும் கருவிகளிலும் இதற்கு இடமிருக்கிறது.

கேஸ்கட்

கடத்தும் பாலிமர் கூட்டுப்பொருளுக்குப் போட்டியே இல்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது பெட்டியின் விளிம்புதான். சிலிக்கோன் ரப்பரில் நிக்கல் பூசிய கிராஃபைட்டையோ வெள்ளி பூசிய அலுமினியத்தையோ நிறைத்துச் செய்யும் கேஸ்கட் அழுத்தினால் நசுங்கும், பிளவை முழுவதும் மூடும், மருந்து சிந்தினால் உள்ளே விடாது. கவசமும் நீர்த்தடுப்பும் ஒரே பொருளில் கிடைக்கின்றன. எந்திரக் கை ஒன்று கேஸ்கட் கலவையைக் கோடாக விளிம்பிலேயே பிழிந்துவிடும் முறையும் வழக்கத்தில் இருக்கிறது. சிறிய பெட்டிக்கு அது மிகவும் தோது.

வெள்ளி வகையின் தன்தடை நிக்கல்-கிராஃபைட்டுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழ். அதற்கேற்ற விலையும் உண்டு. 30 டெசிபல் தேவைக்கு நிக்கல்-கிராஃபைட் போதும். அலுமினியப் பெட்டியில் வெள்ளி பூசிய தாமிரத் துகள் கொண்ட கேஸ்கட்டை வைத்தால், ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். கடற்கரை நகர மருத்துவமனைக்குப் போகும் கருவியில் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

எனது தேர்வு

சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் பம்ப்புகள் என்றால்: வழக்கமான பி.சி./ஏ.பி.எஸ். (பாலிகார்பனேட்டும் ஏ.பி.எஸ்.ஸும் கலந்த பிளாஸ்டிக்) பெட்டி, உட்புறம் நிக்கல் பெயின்ட், விளிம்பில் பிழிந்து இட்ட நிக்கல்-கிராஃபைட் சிலிக்கோன். எண்ணிக்கை பல்லாயிரமாகி, அச்சும் புதிதாக வெட்டப்படுகிறது என்றால் எஃகு இழைக் கலவை. ஆனால் விளிம்பில் தோல் நீக்கும் வேலையை வரைபடத்திலேயே குறித்த பிறகுதான். முலாம், தேவை 50 டெசிபலைத் தாண்டும் கருவிகளுக்கு.

எஃகு இழைக் கலவையை விற்பவர் காட்டும் எண் பெரும்பாலும் ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் டி4935 சோதனை முறையில் வந்தது. 133 மில்லிமீட்டர் வட்டத் தகடு, துளையில்லை, விளிம்பில்லை, வெல்டு லைனில்லை, அளப்பதும் 1.5 கிகாஹெர்ட்ஸ் வரைதான். நம் சிக்கல் 2.45இல் இருக்கிறது. ஆகவே முதல் வார்ப்புகள் வந்ததும் சாளரத்தின் ஓரத்திலிருந்தும் வாயிலுக்குத் தொலைவான மூலையிலிருந்தும் துண்டுகள் வெட்டி, தன்தடையை அளந்து பாருங்கள். சில பெட்டிகளை மருத்துவமனை பயன்படுத்தும் அதே கிருமிநாசினியால் திரும்பத் திரும்பத் துடைத்து, சூடும் குளிரும் மாறி மாறிக் கொடுத்து, பிறகு மறுபடி அளவெடுங்கள். பி.சி. கலந்த பிளாஸ்டிக்குகள் சில கிருமிநாசினிகளில் ஸ்க்ரூ தூணைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும் வழக்கமுடையவை. விரிசல் விட்டால் கேஸ்கட்டின் அழுத்தமும் தளர்ந்துவிடும்.

இறுதிச் சான்றிதழுக்கு முன் பெயின்ட் பெட்டி, எஃகு இழைப் பெட்டி இரண்டிலும் ஒரே பி.சி.பி.யை மாற்றி மாற்றிப் பொருத்தி ஒரு முன்சோதனை செய்துவிடலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள, மத்திய அரசின் மைக்ரோவேவ் ஆய்வு நிறுவனமான சமீரின் மின்காந்தவியல் மையம் இதற்குக் கைக்கெட்டும் இடம். போகும்போது கேஸ்கட் இல்லாத பெட்டி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். சுவர் எத்தனை டெசிபல் தருகிறது, விளிம்பு எத்தனை டெசிபல் தருகிறது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும்.